பதினோரு செமிகோலன்

— டிரைவர் அங்கனயே நிக்கட்டும் டீச்சர். அவருக்குப் பழக்கந்தான்.

— வெயில்ல நிக்கிறது யாருக்குடா பழக்கம்? ஜெயபாண்டி, நீ மட்டும் ஃபேனுக்கு அடியில உக்காந்துக்குவ, அந்த மனுசன் கேட்டுப் பக்கத்துல நின்னு காயணுமா? விக்டோரியா டீச்சர் வீட்ல அந்த வழக்கம் கெடையாது. உள்ள வாங்க தம்பி! செருப்பு கெடக்கட்டும், வாங்க.

— கும்புடுறேன் டீச்சரம்மா. நான் இப்பிடி வாசப்படியில உக்காந்துக்கிறேன்.

— நாற்காலி எதுக்குக் கெடக்கு? அதுல உக்காருங்க. பேரு என்ன?

— மருதுங்க. ஜெயபாண்டி சாருக்கு வண்டி ஓட்டுறவன். நமக்குத் தெரிஞ்சது ஸ்டேரிங்கு மட்டுந்தேன்.

— தண்ணி குடிங்க மருது. மூஞ்செல்லாம் வேர்த்துக் கெடக்கு. ஜெயபாண்டி, நீ விட்ட எடத்துல இருந்து சொல்லு. உங்க கம்பெனிக்கு எதிரா யாரோ இங்கிலீஷ்ல மனு எழுதிப் போட்டுட்டாங்க. சரி. அதுக்கு எதுக்கு ஒரு ரிட்டயர்டு டீச்சரைத் தேடிக்கிட்டு விளாங்குடிக்கு வந்த?

— அதுவந்து டீச்சர்... நானா வரலை டீச்சர். எங்க முதலாளி அனுப்புனாரு.

— சின்னச்சாமியா? கண்மாய்க்கரையில பழைய பேட்டரியை உடைச்சு ஈயம் காய்ச்சுறானே, அவனா?

— 'அவரு'ன்னு சொல்லுங்க டீச்சர்.

— எதுக்குடா சொல்லணும்? அவன் மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல. ஊரு தண்ணியில விஷத்தை விடுறவனுக்கு மரியாதை ஒரு கேடா?

— டீச்சர்...

— விடுங்க சார். டீச்சரம்மா வாயில வந்ததைச் சொல்றாக. நாம போயி வத்தி வைக்கவா போறோம்?

— பாத்தியா, டிரைவருக்கு இருக்கிற பெருந்தன்மை உனக்கு இல்ல. மேல சொல்லு.

— அந்த மனு மெட்ராஸ் வரைக்கும் போயிருச்சு டீச்சர். ஆபீசருக வந்து கிணத்துத் தண்ணி, மண்ணு எல்லாம் பாட்டில்ல புடிச்சிட்டுப் போனாங்க. போன மாசம் ரெண்டு அடுப்புக்கும் சீலு வச்சுட்டாங்க. முதலாளி ஒரு மாசமா யாருகூடயும் சரியாப் பேசுறதில்ல.

— நல்ல காரியந்தான நடந்திருக்கு.

— எங்க வக்கீலு அந்த மனுவைப் படிச்சுப் பாத்துட்டு, 'இது வக்கீலு எழுதுனது இல்ல, ஊருக்காரன் எவனோதான். ஆனா நல்ல டீச்சர்கிட்ட அடி வாங்கிப் படிச்சவன்'னு சொல்லிட்டாரு. உள்ள பதினோரு எடத்துல செமிகோலன் போட்டிருக்காம் டீச்சர். இந்தப் பக்கத்துல அவரு பாத்த ஒரு மனுலயும் அது இருந்ததில்லையாம்.

— பதினொண்ணா?

— ஆமா டீச்சர்.

— பதினொண்ணும் சரியா வச்சிருக்காங்களா?

— சரியாத்தான் இருக்குன்னாரு.

— இயேசப்பா! முப்பத்திரண்டு வருசம் கத்துனேன்டா நான். தொண்டைத் தண்ணி வத்தி, ஸ்டாஃப் ரூம்ல 'செமிகோலன் விக்டோரியா'ன்னு பட்டம் வாங்கிக் கத்துனேன். யாரோ ஒரு புள்ள காதுல ஏறியிருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது.

— அதுனாலதான் டீச்சர் அனுப்புனாரு. நம்ம கண்மாய்ப் பக்கத்துல இருந்து மிஷன் ஸ்கூலுக்கு வந்தவங்க எல்லாரும் உங்க கையிலதான் இங்கிலீஷ் படிச்சோம். எழுதுனது யாருன்னு உங்களுக்குத் தெரியும்னு முதலாளி நினைக்கிறாரு.

— தெரிஞ்சா? தெரிஞ்சா அந்தப் புள்ளைக்குப் பொன்னாடை போத்தப் போறானா? உங்க ஊரு முத்திருளனுக்கு என்ன ஆச்சுன்னு பேப்பர்ல படிச்சேன். லாரி ஏறி, முட்டிக்குக் கீழ காலையே எடுத்துட்டாங்களாம்.

— பாவம் டீச்சரம்மா. அது தெரியாமத் தட்டிருச்சு. ரோடு குறுகலு.

— உங்களுக்கு எப்பிடித் தெரியும் மருது?

— வண்டி ஓட்டுறவங்களுக்குள்ள பேசிக்குவோம்ல.

— அந்த முத்திருளன் தன் பேரையே எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போடுற மனுசன். அவரா மனு எழுதியிருப்பாரு? அவருக்கு ஏதுடா செமிகோலன்?

— அது... அதுக்குப் பெறகுதான் முதலாளிக்கு அது தெரிஞ்சது டீச்சர்.

— ச்சீ. இதைச் சொல்ல உனக்கு வாய் கூசலை? அப்பாவி காலை எடுத்துட்டு, ஆளு மாறிப்போச்சுன்னு அடுத்த ஆளைத் தேடிக்கிட்டு எங்கிட்ட வாறியா? இவ்வளவுக்கும் அந்த ஆபீசுல எட்டு வருசம் கிளார்க்கா உக்காந்து அவனுக்கு லெட்டர் டைப் அடிச்சுக் குடுக்கிற!

— திட்டுங்க டீச்சர். எம்புட்டு வேணாலும் திட்டுங்க. ஆனா 'எனக்குத் தெரியலை'ன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிருங்க. நான் கெளம்பிர்றேன்.

— எனக்குத் தெரியலை. மனுவை நான் கண்ணாலகூடப் பாக்கலை. எப்பிடித் தெரியும்?

— போதும் டீச்சர், அது போதும். மருதண்ணே, கெளம்புவோமா?

— இருங்க சார். எனக்கு ஒரு சந்தேகம். டீச்சரம்மா சிரிக்கக் கூடாது.

— சிரிக்க மாட்டேன், கேளுங்க.

— அந்தச் செமி... செமிகோலன்றாகளே, அது என்னது டீச்சரம்மா? வக்கீலு சொன்னப்ப நானும் வாசல்ல நின்னேன். ஒத்தைப் புள்ளிக்கு இம்புட்டுப் பேச்சான்னு தோணுச்சு.

— டீச்சர், அவருக்கு அதெல்லாம் எதுக்கு? நேரமாகுது...

— நீ சும்மா இரு. கேக்குறவரைத் தடுக்காத, எனக்குப் பிடிக்காது. மருது, நீங்க ஒரு வாக்கியம் சொல்லுங்க. முழுசா முடியணும்.

— வண்டி நிக்குது.

— நல்லது. அதோட ஒட்டுன மாதிரி இன்னொண்ணு.

— ரோடு காலியாக் கெடக்கு.

— ரெண்டுமே தனித்தனியா நிக்கும், இல்லையா? நடுவுல முற்றுப்புள்ளி வச்சா ரெண்டுக்கும் ஒறவே இல்லாம ஆயிரும். கமா வச்சா தப்பு. ரெண்டு முழு வாக்கியத்தை இழுத்துக் கட்டுற தெம்பு கமாவுக்குக் கெடையாது. 'ஆனா', 'அதனால'ன்னு ஒரு சொல்லைப் போட்டு ஒட்டலாம். அந்தச் சொல்லே வேணாம், படிக்கிறவன் தானாப் புரிஞ்சுக்குவான்னா, அங்கதான் செமிகோலன். மேல ஒரு புள்ளி, கீழ ஒரு வாலு. ஒரே காம்பவுண்டுக்குள்ள ரெண்டு குடித்தனம் இருக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க. அடுப்பு தனித்தனி, கேட்டு ஒண்ணு.

— ஓகோ. அப்ப என்ன ஏதுன்னு காரணம் சொல்ல வேண்டியதே இல்ல. பக்கத்துல பக்கத்துல வச்சாப் போதும்.

— அதேதான்! எம்புட்டு வேகமாப் பிடிச்சுக்கிட்டீங்க! ஜெயபாண்டி, நைன்த் பி-ல இதுக்கு உனக்கு ஆறு மாசம் ஆச்சு, அப்பயும் வரலை.

— இப்ப நானா ஒண்ணு சொல்லட்டா டீச்சரம்மா?

— சொல்லுங்க.

— முத்திருளன் படுத்துக் கெடக்கான். எழுதுனவன் நடமாடிக்கிட்டு இருக்கான்.

— ம்.

— தப்புங்களா?

— தப்பு இல்ல. ரெண்டும் முழு வாக்கியம். ரெண்டுக்கும் தொடர்பும் இருக்கு. ஆனா கேக்க நல்லா இல்ல மருது. இனி அப்பிடிச் சொல்லாதீங்க.

— மன்னிச்சுக்கங்க. படிக்காதவன், மனசுல இருந்தது வந்துருச்சு. எல்லாப் புள்ளைகளுக்கும் இப்பிடித்தேன் சொல்லிக் குடுப்பீகளா?

— இதோட விட்டுருவேனா? நைன்த்துக்கு வர்ற ஒவ்வொரு புள்ளையும் சொந்தமா ஒரு வாக்கியம் எழுதணும். அவங்க வீட்டைப் பத்தி ரெண்டு வாக்கியம், நடுவுல செமிகோலன். பாத்து எழுதக் கூடாது, பொய் எழுதக் கூடாது. அதைச் சார்ட்ல எழுதி, பேரு போட்டு, வருசம் பூரா சுவத்துல ஒட்டி வைப்பேன். அதுக்குப் பேரே 'சொந்த வாக்கியம்'. ஹெட்மாஸ்டர் வந்தா முதல்ல அதைத்தான் வாசிப்பாரு.

— அதெல்லாம் இப்பயும் ஞாபகம் இருக்குமா?

— இருக்காம? ரூத்தோடது, 'அப்பா ஜெபம் பண்ணுகிறார்; அம்மா பாத்திரம் தேய்க்கிறாள்.' பதிமூணு வயசுல எழுதுனா! டோனி எழுதுனான், 'எங்கள் வீட்டுக்குக் கதவு இருக்கிறது; பூட்டு தேவைப்பட்டதில்லை.' ஹெப்சிபாவோடது...

— டீச்சர், போதும் டீச்சர்.

— உன்னோடது என்னடா? ஜெயபாண்டி? நாக்கு நுனியில நிக்குது.

— எனக்கு ஞாபகம் இல்ல டீச்சர். நான் எழுதவே இல்லைன்னு நினைக்கிறேன்.

— எழுதாம நான் விட்டிருப்பேனா?

— சார், அந்த மனுவைத்தேன் டீச்சரம்மாகிட்ட காட்டுங்களேன். அவுக புள்ள எழுதுனதை அவுக ஒருவாட்டி பாத்துக்கிறட்டும். ஆசையா இருக்காதா?

— அது வண்டியிலயே...

— பைக்குள்ளதேன் சார் இருக்கு. நான்தான வச்சேன்.

— குடுடா. ஏன் பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற? கண்ணாடி எங்க... ம். நல்ல ஆரம்பம். மாண்புமிகுவெல்லாம் அளவாப் போட்டிருக்கு.

— தமிழ்ல சொல்லுங்க டீச்சரம்மா, நானும் கேட்டுக்கிறேன்.

— 'மழை பெய்தால் கண்மாய் நிறைகிறது; மறுநாள் மீன்கள் மிதக்கின்றன.' அடேயப்பா. 'ஆடுகள் கரையில் மேய்கின்றன; குட்டிகள் கண் தெரியாமல் பிறக்கின்றன.' பாருங்க மருது, காரணத்தை எங்கயும் சொல்லவே இல்ல. சொல்ல வேண்டிய தேவையே இல்ல. எந்தெந்த ராத்திரி அடுப்பு எரியும், எந்த வாய்க்கால்ல கழிவைத் திறந்து விடுவாங்க, அம்புட்டும் தேதியோட இருக்கு.

— ரெண்டாம் பக்கத்தையும் படிங்க டீச்சரம்மா.

— ரெண்டாம் பக்கம்... 'கிணறு எங்களுடைய...'

— என்ன டீச்சரம்மா, நிறுத்திட்டீக?

— ஒண்ணுமில்ல. கண்ணாடி. ஒரு பக்கம் கீறல் விழுந்திருக்கு, எழுத்து தெரியலை.

— யாரு எழுதுனதுன்னு புடிபட்டுச்சா?

— இல்ல. தெரியலை. எனக்குத் தெரியலை.

— சொன்னேன்ல மருதண்ணே. டீச்சருக்குத் தெரியாது. வாங்க போவோம்.

— சார், ஒரு நிமிசம். தலை கிறுகிறுங்குது. சுகர் மாத்திரை போடாம வந்துட்டேன். வண்டியில முன்னாடி டப்பாக்குள்ள இருக்கும், எடுத்துட்டு வாறீகளா? எனக்குக் கால் மரத்துக் கெடக்கு.

— நீங்களும் வாங்கண்ணே, வண்டியிலயே போட்டுக்கலாம்.

— போடா, சுகர்காரரை நடக்க வைக்காத. சட்டுனு எடுத்துட்டு வா.

— டீச்சர், நான் வாரவரைக்கும் நீங்க ஒண்ணும் பேச வேணாம். சும்மா உக்காந்திருங்க. ரெண்டு நிமிசத்துல வந்துருவேன்.

— எனக்கே பாடம் எடுக்கிறியா? போ, போ. ஓடு.

— போயிட்டாரா டீச்சரம்மா?

— கேட்டைத் தாண்டிட்டான். உங்களுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணி கொண்டாரவா?

— எனக்கு ஒண்ணுமில்ல டீச்சரம்மா. அவரை அனுப்பத்தேன் அப்பிடிச் சொன்னேன். உங்ககிட்ட தனியாப் பேசணும். உங்களுக்கு ஆளு தெரிஞ்சுபோச்சு. கண்ணுலயே தெரியுது.

— என்ன பேசுறீங்க நீங்க?

— பயப்படாதீக. நானும் அந்தக் கண்மாய்க்கரை ஊருதேன். எம் பொண்ணு ரோகிணிக்கு ஒம்போது வயசு. வயித்து வலின்னு சுருண்டு கெடக்கும். பெரியாஸ்பத்திரில ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, ஈயம் ஏறியிருக்குன்னு சொல்லிட்டாக. அந்த மனுவை எழுதுன ஆளு எனக்குச் சாமி மாதிரி டீச்சரம்மா.

— அய்யோ. ஒம்போது வயசா? அப்புறம் ஏன் தம்பி அவன்கிட்ட வண்டி ஓட்டுறீங்க?

— சோத்துக்குத்தேன். நான் சொல்றதைக் கேளுங்க. முதலாளிகிட்ட நாலு பேரு லிஸ்ட்டு இருக்கு. ரூத்து, டோனி, ஹெப்சிபா, ஜெர்சன். நாலும் உங்க புள்ளைகதேன். எழுதுனது யாருன்னு இன்னைக்குத் தெரியலைன்னா, நாலு பேருக்கும் நாளையில இருந்து வரிசையா முத்திருளன் கதிதேன். லாரி ஆளுககிட்ட சொல்லியாச்சு. நான் காதால கேட்டேன்.

— ஆண்டவரே! ரூத்துக்குக் கைக்குழந்தை இருக்கு! ஜெர்சன் அந்த ரோட்லதான் தெனமும் ஆனையூர் ஸ்கூலுக்குப் பைக்ல போறான். அவங்களுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது!

— எனக்கு அது தெரியுமா டீச்சரம்மா? உங்களுக்குத்தேன் தெரியும். எழுதுன ஆளு யாருன்னு எனக்கு மட்டும் சொல்லுங்க. இன்னைக்கே வண்டியில ஏத்திச் சேலத்துல எம் மச்சான் வீட்ல விட்டுர்றேன். ஆளு ஊர்ல இல்லைன்னா மத்த நாலு பேரையும் விட்டுருவாக.

— எனக்கு யோசிக்க நேரம் குடுங்க.

— நேரம் எங்க இருக்கு? அவரு வந்துருவாரு.

— சத்தியம் பண்ணுங்க. எங்க வேதத்துல அது கூடாதுதான். இருந்தாலும் எனக்கு இன்னைக்கு வேணும்.

— எம் பொண்ணு ரோகிணி மேல சத்தியமா டீச்சரம்மா. அந்த ஆளை என் கையாலயே கூட்டிட்டுப் போறேன்.

— நீங்க எதுக்கு மருது தனியாச் சிரமப்படணும்? ஜெயபாண்டி வரட்டும். அவனையும் வச்சுக்கிட்டே...

— அந்தாளு முன்னாடி வாயைத் திறந்துறாதீக! அவன் முதலாளி போடுற எலும்புக்கு வாலாட்டுறவன். முத்திருளன் எந்த நேரத்துக்கு அந்த ரோட்ல வருவான்னு லாரிக்காரனுக்குச் சொன்னதே அவன்தேன். அவனைப் போயி நல்லவன்னு நம்பாதீக.

— வாயை அளந்து பேசுங்க மருது.

— நான் பாத்ததைச் சொல்றேன். துரோகிப் பய.

— அவன் துரோகி இல்ல! நீங்க அவனைப் பத்தி இன்னொரு வார்த்தை சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். என் கிளாஸ்ல அவன்தான் கடைசி பெஞ்சு. ஒரு செமிகோலனை எடத்துல வச்சதில்ல, வாரத்துல நாலு நாள் முட்டி போட்டிருக்கான். ஆனா அந்தச் சார்ட்ல அவன் எழுதுன மாதிரி வேற ஒருத்தரும் எழுதலை. 'கிணறு எங்களுடையது; தண்ணீர் எங்களுடையது அல்ல.' அன்னைக்குப் பங்காளிச் சண்டையில அவங்கப்பனை மோட்டார் போட விடலைன்னு எழுதுனான். இன்னைக்கு அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறாம, இந்தா, ரெண்டாம் பக்கத்துல இருக்கு! அந்த ஆபீசுக்குள்ள உக்காந்துக்கிட்டு, அவன் கண்ணு முன்னாடியே, எம்புட்டு பயந்து பயந்து எழுதியிருப்பான் எம் புள்ள! அவனைப் போயி துரோகிங்கிறீங்களே!

— ஜெயபாண்டியா?

— அவன்தான். இப்பவே கூட்டிட்டுப் போங்க. அவன் பொண்டாட்டிகிட்ட நான் சொல்லிக்கிறேன். வீட்டுக்கு விட்டுறாதீங்க, நேராச் சேலத்துக்குப் போயிருங்க.

— எட்டு வருசம். நம்ம எலையில உக்காந்து சாப்புட்டவன். தேதியெல்லாம் சரியா இருந்தப்பயே எனக்குத் தோணியிருக்கணும்.

— மருது? என்ன இது, ஒரு மாதிரி பேசுறீங்க?

— ஒண்ணுமில்ல டீச்சரம்மா. நீங்க நல்ல வாத்தியாரு.

— சத்தியம் பண்ணியிருக்கீங்க. உங்க பொண்ணு மேல.

— எனக்குப் பொண்ணு கெடையாது. ரெண்டும் பயலுகதேன்.

— மருதண்ணே, டப்பா பூராத் தேடிட்டேன், மாத்திரையைக் காணோமே. டீச்சர்? ஏன் டீச்சர் நிக்கிறீங்க? மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துக் கெடக்கு?

— ஓடிருடா ஜெயபாண்டி! நிக்காத, ஓடு!

— எங்க ஓடுவான்? தெருமுக்குல நம்ம பயலுகதேன நிக்கிறாங்க. ஜெயபாண்டி, மருதண்ணேன்னு கூப்பிட்டது போதும். நான் யாருன்னு உன் டீச்சருக்குச் சொல்லு.

— இவருதான் எங்க முதலாளி சின்னச்சாமி, டீச்சர்.